மோட்டார் யாரென்று கேட்ட கதவு

லிஃப்ட் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் 'அடுக்கு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் பேச்சைப் பாதியில் விட்டு அதை நேராக்கி வைப்பாள். தட்டச்சு வேலைக்கு வந்தவள், பக்கத்து மேஜைகளை எட்டிப் பார்த்துப் பார்த்தே சி மொழியில் நிரல் எழுதக் கற்று, லிஃப்ட்டை ஓட்டும் நிரலையே எழுதத் தொடங்கியிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, முதன்மைக் கோப்பின் தலையில் தாறுமாறாகக் கிடந்த ஹெடர்கள் என்னும் துணைக் கோப்புகளின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினாள். அவ்வளவுதான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றக் கம்பைல் செய்ததும் திரை முழுக்க எச்சரிக்கைகள் கொட்டின. கதவு ஹெடரில் ஒரு ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் 'மோட்டார்' என்ற ஸ்ட்ரக்ட், அதாவது ஒரு தரவுத் தொகுப்பு, வருகிறதாம். அந்த அடைப்புக்குறிக்கு வெளியே அது யாருக்கும் தெரியாதாம்.

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே சார்! நான் இடத்தை மட்டும்தானே மாத்தினேன்?" என்று எதிர்மேஜைக் கண்ணாடிக்காரரிடம் முறையிட்டாள்.

"பழையபடியே வச்சிடுங்களேன்."

"வச்சா எச்சரிக்கை போயிடும். ஆனா ஏன் போகுது?"

"லிஃப்ட் ஓடுதுல்ல? விடுங்க."

அவளுக்கு விட மனம் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டி, மோட்டார் என்றொரு ஸ்ட்ரக்ட் உண்டு என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரியை முதன்மைக் கோப்பில், எல்லா ஹெடர்களுக்கும் கீழே சேர்த்தாள். எச்சரிக்கை அசையவில்லை. சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?

வீட்டில், கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவன் கடைசில ஒத்துக்கிட்டாம்மா, நான்தான் பேசி முடிச்சேன்" என்றான்.

"எவன்?"

"கேளேன், சொல்றேன். அவன் முதல்ல முறைச்சான்..."

"ஐயோ, முதல்ல ஆளைச் சொல்லுங்க, அப்புறம் கதையைச் சொல்லுங்க!"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். கணவன் திருதிருவென்று விழித்தான்.

கம்பைலரும் மேலிருந்து கீழாகத்தான் படிக்கும். மறுநாள் அந்த வரியைக் கதவு ஹெடருக்குள்ளேயே, ஃபங்ஷனுக்கு மேலே வைத்தாள். எச்சரிக்கைகள் போயின. பழைய வரிசையில் மோட்டார் ஹெடர் தற்செயலாகக் கதவுக்கு மேலே இருந்ததால்தான் கதவு பிழைத்திருந்தது. பயந்துபோய் மற்ற ஹெடர்களையும் ஒவ்வொன்றாகத் தனியே கம்பைல் செய்து பார்த்தாள். பிரேக்கும் அதே கதை, மாடி எண் காட்டும் பலகையும் அதே கதை. எல்லாவற்றின் தலையிலும் வேண்டிய அறிமுக வரிகளை எழுதினாள்.

வாராந்தரக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "என்னம்மா பண்ணீங்க?"

"மோட்டார்னு ஒண்ணு இருக்குன்னு கதவுகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன் சார்."

"ஓகோ. மோட்டார் எப்படிப்பட்டதுன்னும் சொன்னீங்களா?"

"இல்ல சார். அது கதவுக்குத் தேவையில்ல."

"அப்ப லிஃப்ட்ல என்ன மாறிச்சு?"

"ஒண்ணுமே மாறல சார்."

மேலாளர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். அவளும், தான் சொன்னது சரியா என்று ஒரு கணம் குழம்பிப்போய், எதிரே இருந்த தண்ணீர்க் குவளையைச் சற்று நகர்த்தி வைத்தாள்.