பை அவன் தோளில் இருந்தது

போட்டி பார்க்கப் போகிற இடத்தில் குடித்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் வருவது எப்படி என்று அண்ணாமலை நகரில் என்னிடம் யோசனை கேட்டவர்கள் உண்டு. குடித்தால் வண்டியைத் தொடாதே, கூட்டத்தில் வம்பு வளர்க்காதே, போலீஸ்காரரிடம் பதிலுக்குப் பதில் பேசாதே. வகுப்பெடுக்காத குறைதான். இத்தனை வருடத்தில் ஸ்டேஷன் படி ஏறியதில்லை என்கிற திமிர் எனக்கு. ஒரு கேஸ் விழுந்தால் குமாஸ்தா வேலையில் சஸ்பெண்ட் என்கிற பயமும் அதற்குள் இருந்தது.

கடலூரில் பெரிய கபடிப் போட்டி. என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் குடிக்க மாட்டான், வண்டி ஓட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான் என் பாசம். அப்போது அவன் போலீஸ் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தான்.

சிதம்பரத்திலிருந்து கிளம்பி, ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி அவனை முதலில் பாண்டிச்சேரிக்கு ஓட்டவைத்தேன். தெருமுனையில் அவனை நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு குவார்ட்டர் வாங்கித் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். பாண்டி சரக்கைக் கடலூருக்குக் கொண்டுவருவதே குற்றம். அது எனக்குத் தெரியாததல்ல.

மைதான வாசலில் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நிற்கும்போதே என் மூளை வேலை செய்தது. குடிக்கிறவன் முழி போலீசுக்குத் தெரிந்துவிடும். இவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

"மச்சான், தோள் வலிக்குது. இத செத்த புடி. துண்டும் தண்ணி பாட்டிலுந்தான்."

"குடுங்க மாமா." வாங்கி மாட்டிக்கொண்டான்.

காவலர் துண்டை உதறினார். இரண்டு பாட்டிலும் மேசையில் உருண்டன. எடுத்து லேபிளைப் படித்தார்.

"பாண்டி சரக்கா? யாருதுடா இது?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். காவலரும் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது சார். நான் சும்மா கூட வந்தேன்," என்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னுதுதான் சார்."

கேஸ் எழுதினார்கள். சரிபார்ப்பு விண்ணப்பத்தில், உங்கள் மீது வழக்கு உண்டா என்ற கேள்விக்கு அவன் 'ஆம்' என்று எழுதினான். வேலை போயிற்று. இன்று சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரே ஒருமுறை அவனிடம் சொன்னேன். "உங்க வேலையும் போச்சுன்னா அக்கா என்னா பண்ணும்? உடுங்க மாமா," என்றான். விட்டுவிட்டேன். அவன் வேண்டாம் என்று சொல்வான் என்பது தெரிந்துதான் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே என் மனைவி வழக்கம்போல ஆரம்பித்தாள். "போலீஸ் வேலயக் குடியால கெடுத்துக்கிட்டியேடா. மாமாவும்தான் குடிக்கிறாரு. ஒரு நாளாவது ஸ்டேஷனுக்குப் போயிருக்காரா? அவரப் பாத்துக் கத்துக்க."

"சரிக்கா," என்றான்.

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் மீன் சட்டியை என் பக்கமாக நகர்த்தி வைத்தான்.