பேப்பரில் வராத ஊர்

கொரட்டூரில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே பேப்பர்தான். முதலில் வீட்டுக்காரர், பிறகு பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, கடைசியில் நான். ஆனால் இலங்கைச் செய்தி இருந்தால் கஸ்தூரி முறை பார்க்க மாட்டாள். அந்தத் தாளை மட்டும் உருவிக்கொண்டு, கையில் ஒட்டிய மாவோடு ஓடி வருவாள்.

“யக்கா, உன் ஊரு பேரு பேப்பர்ல வந்துகீது!”

முகமெல்லாம் சிரிப்பு. அவளைக் கோபிக்கவும் முடியாது. தண்ணீர் கேட்டு மறியல் செய்தபோது குடத்தோடு அவள் நின்ற படம் பேப்பரில் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். பேர் வருவது அவளுக்குப் பெருமை. எனக்கோ பயம்; எங்கள் ஊர்ப் பேர் செய்தியில் வந்தால் அங்கே குண்டு விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாலையில் ரேடியோவைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். நம் ஊர்ப் பெயரை வாசிக்காமல் செய்தி முடிந்தால்தான் அடுப்பில் உலை ஏறும். என் கணவர் ரயிலில் கார்ட். என்னையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிய அன்று, நீங்களும் வாங்கோ என்று கெஞ்சினேன். “ரெயிலே ஓடேல்லை, எனக்கென்ன நடக்கப்போகுது? நீங்கள் திரும்பி வரேக்கை வீடு இருக்க வேணுமெல்லே” என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் கஸ்தூரி கொண்டுவந்த தாளின் மூலையில் நாலு வரி. பேச்சுவார்த்தையில் முன்னேற்றமாம், வடக்கே நின்றுபோன ரயில் மறுபடி ஓடுகிறதாம். எவ்வளவு காலம் காத்திருந்த செய்தி! சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அடுத்த கணமே பழையது நினைவுக்கு வந்தது. அந்தத் தண்டவாளத்தில்தான் முன்பு கண்ணிவெடி வைத்தார்கள்.

“நல்ல சேதிதானே, இன்னாத்துக்குக்கா அயுவுறே?”

“ரெயில் ஓடினால் அவரும் அதிலைதானே நிப்பார், கஸ்தூரி.”

“அப்ப வேல திரும்பக் கெட்ச்சிட்சி! ஸ்வீட்டு குடுக்காம அயுதுகினு கீறியே!”

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகலாம் என்று பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்ப ஏற்றிவிடுவேன். நம்பிக்கை வந்தால் நிம்மதியும் கூடவே வரும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

நேற்றுக் காலை கஸ்தூரி மெதுவாக வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

“உன் ஊரப் பத்தி இன்னிக்கு ஒண்ணுமே போடலக்கா.”

துக்கம் விசாரிக்கும் குரல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒழுங்காக ஓடுகிற ரயிலைப் பற்றி யார் எழுதுவார்கள்? அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். பயமில்லாமல் பேப்பரைப் புரட்டினேன். உள்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஆவடி’ என்று இருந்தது.

கஸ்தூரியின் புருஷன் ஏழுமலைக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. என் பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அவர்தான். அன்றும் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தார். எங்கள் ஊர்ப் பேரையே பார்த்தது போல இருந்தது. அந்தப் பெயரைப் பெருவிரலால் மூடிக்கொண்டு மீதியைப் படித்தேன். புதிதாக ஒரு பஸ் விடுகிறார்களாம்.

“இன்னாக்கா, பஸ்ஸு வுட்டதுக்கா பேர வெரலால மூடிக்கினு கீறே?” என்றாள்.

விரலை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.