மாடியறையில் ஓடிய ரயில்

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனபோது, மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் கம்பியை வைத்தாரோ இல்லையோ, புகை மூக்கில் ஏறியது. சிலருக்கு மல்லிகைப்பூ வாசம் பிடிக்கும் என்றால் எனக்கு உருகும் ஈயத்தின் வாசம். ஆனால் அன்றைக்கு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் இருந்தேன். நாளெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழை ஒயரைப் பற்றவைக்கிற வேலை. என்னைவிட இரண்டே வயது பெரியவனான அண்ணன், அங்கேயே ஓர் இரும்பு மில்லில் ஃபிட்டர். ஒரே வண்டியில் போய் வருவோம். தினமும் ரயிலில் போயும் ஆசை தீராமல், வீட்டு மாடியறையில் நாங்களே ஒரு ரயில் விட்டோம் என்றால் சிரிப்பீர்கள். பிளைவுட் பலகை, சாண் நீள எஞ்சின்கள், பொன்னேரி ஜாடையில் ஒரு ஸ்டேஷன். பலகையும் தண்டவாளமும் அண்ணன் பொறுப்பு. கரண்ட் என் பொறுப்பு.

பழைய முறையில் ஒரு தொல்லை. தண்டவாளத்தில் கரண்ட் விட்டால், மேலே நிற்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்து கிளம்பிவிடும். எஞ்சினுக்குள் ஒரு சிப் வைத்துத் தனித்தனி எண் கொடுத்துவிட்டால், வேண்டியதை மட்டும் செல்போனிலேயே ஓட்டலாம் என்று தேடிப் படித்துச் சொன்னது நான்தான்.

"இன்னா பாப்பா, நமக்கெதுக்கு இந்த பேஜாரு?" என்றான் அண்ணன்.

முதல் சிப்பைக் கருக்கினேன். மோட்டார் ஒயர் எஞ்சினின் சட்டத்தில் உரசியதை நான் கவனிக்கவில்லை. பெரிய சர்க்யூட் போர்டுக்காரி! "டீசல் எஞ்சினைக் கரி எஞ்சினா மாத்திட்டியே!" என்று அண்ணன் கைதட்டிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதிலேயே போயின. பலகைக் கோடியில் இருந்த வளையம்தான் ரொம்பப் படுத்தியது. வண்டி அதைச் சுற்றிக்கொண்டு வந்த பாதையிலேயே சேரும்போது, இடது தண்டவாளம் வலதோடு இணைந்து ஷார்ட் ஆகும். வளையத்தைத் தனியாக வெட்டிப் பிரித்து, கரண்டைத் தானாகவே மாற்றிவிடும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து அடியில் பொருத்தினேன். வண்டி நிற்காமல் சுற்றி வந்தது. அண்ணன் என் தலையில் குட்டினான். அவன் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

அதைப் படமெடுத்து அவன் இணையத்தில் போட்டான். இதே பைத்தியம் பிடித்த நாலு பேர் சென்னையிலிருந்து பார்க்க வந்தார்கள். நான் டீத் தட்டோடு மாடி ஏறினேன்.

"டிஜிட்டல் வேலையெல்லாம் யாரு சார் பண்ணது?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாம் நான்தான் சார். வீடியோ பாத்துக்கினே கத்துக்கினேன்" என்றான் அண்ணன். அதற்குள் வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டான். பார்த்தும், "இது என் தங்கச்சி. டீ சூப்பரா போடும்" என்றான்.

என் டீ வாயில் வைக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

வந்தவர்களில் மூத்தவர் கோடி வளையத்தைக் காட்டி, "இங்க ஷார்ட் ஆகாம எப்படி சமாளிச்சீங்க?" என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம்தான். எல்லாருக்கும் டீயைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அவர்கள் போனதும் சமையலறைக்கு வந்தான். "ஏன் பாப்பா மானத்த வாங்குன? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? டீதான் போடத் தெரியும்."

"பொண்ணு பண்ணதுன்னா எவன் நம்புவான்?"

மாடியில் சொன்னதைக்கூட வாய் தவறி வந்தது என்று விட்டிருப்பேன். இது அவன் நின்று, யோசித்துச் சொன்னது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தாலும் அன்றைக்கே மாடி ஏறியிருப்பேன். அவன் கேட்கவில்லை. அடுத்த முறை ஓர் எஞ்சின் மக்கர் பண்ணியபோது என்னிடம் காட்டாமல் வெளியே கொண்டுபோனான்.

எனக்குக் கல்யாணமாகித் திருநின்றவூர் வந்தாயிற்று. மாடியறையில் இப்போது மில் தொழிலாளிகள் குடியிருக்கிறார்கள். பலகையை அண்ணனே அறுத்துவிட்டான் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். சிப் வைத்த எஞ்சின் கடையிலேயே கிடைக்கிறதாம். தீபாவளிக்கு அண்ணன் போன் செய்வான். "அந்தப் பக்கம் மழையா?" என்பான். மழைதான் என்பேன். சண்டை போட்டுக்கொள்வதில்லை. அந்த உரிமையும் போய்விட்டது.