ஹாலில் ஒரு தெருக்குத்து

என் வீட்டுக்காரர் சுகுமாரைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பல்லாவரம் தாண்டுவதற்குள் எத்தனை ஆட்டோக்காரர்களைத் திட்டியிருப்பாரோ, வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் அடங்காது. ரிட்டயரானதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச வரும், பேசமாட்டார். நடந்தால்தான் கால் திரும்பும் என்றார் டாக்டர். கெஞ்சினேன், கத்தினேன். மனுஷன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

திருமுடிவாக்கத்தில் வெல்டராக இருந்த எங்கள் பையன் இப்போது ருமேனியாவில் வேலை செய்கிறான். லீவில் வந்த அவன் சிநேகிதன் பிரிட்டோவிடம் அப்பாவுக்கென்று பெயின்ட்டில் வரைந்த ஒரு படம் கொடுத்தனுப்பினான். பிரித்தால், ரோடு. எனக்கு வந்ததே கோபம். ஒரு ஸ்வெட்டர் இல்லை, ஒரு சென்ட் பாட்டில் இல்லை. ஜென்மம் பூராவும் ரோட்டைப் பார்த்தவருக்கு இன்னொரு ரோடா? அதுவும் மண் ரோடு. இரண்டு பக்கமும் புல், ஒல்லி மரங்கள், தூரத்தில் ஒரு வளைவு. ஈ காக்காய் இல்லை.

நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் பிரிட்டோ மாட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் அவராகவே என்னைக் கூப்பிட்டு வாயைத் திறந்தார்.

"காந்தி, ரோடு எப்டி காலியா கீது பாத்தியா. ஆரனே அடிக்க வேணாம்."

இழுத்துக்கொண்ட பிறகு அவராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாதான் குண்டைப் போட்டாள். "இன்னாக்கா, ரோடு நேரா வூட்டுக்குள்ள வந்து முட்டுது? தெருக்குத்து ஆவாதுக்கா, கழட்டு."

தெரு நேராக வந்து முட்டும் வீட்டில் நோய் தீராது என்று கேட்டே வளர்ந்தவள் நான். கழற்றினாலோ அவர் பேச்சு நின்றுவிடும். நிஜத் தெருக்குத்துக்கு என்ன செய்வார்கள்? முட்டுகிற இடத்தில் பிள்ளையாரை வைப்பார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு பிள்ளையார் படத்தை மாட்டினேன். ருமேனியா ரோட்டையும் பிள்ளையாரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருநாள் காலையில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் நாற்காலி காலி. அவர் ரோட்டுப் படத்தில் மூக்கு உரச நின்றிருந்தார்.

"வளைவுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு பாக்க வந்தேன். கிட்ட வந்தா ரோடே இல்ல காந்தி. வெறும் பெயின்ட்ட அப்பி வச்சிகிறான்."

சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். "இங்க நின்னு பாரு. திரும்ப ரோடு வந்துடுச்சு."

நானும் பார்த்தேன். கிட்டத்தில் பழுப்பும் பச்சையுமாக வெறும் திட்டு. தள்ளி வரவர மண்ணில் வெயில் விழுகிறது, மரம் நிழல் தருகிறது, வளைவு கூப்பிடுகிறது. எவன் வரைந்தானோ, அவன் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும். அவர் மறுபடி கிட்டே போனார், மறுபடி திரும்பினார். நடக்கிறார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம்.

மத்தியானம் அவர் நாற்காலியிலேயே தூங்கும்போது ரோட்டுப் படத்தைக் கழற்றி, உள் ரூமின் கடைசிச் சுவரில் மாட்டினேன். நாற்காலியிலிருந்து பார்த்தால் கதவு வழியாகத் தெரியும். பிள்ளையாரை மட்டும் எடுக்கவில்லை.

தூக்கம் கலைந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னாடி, ரோடு தூரமா பூட்ச்சு?"

"ஆமா. போய்ப் பாத்துட்டு வாய்யா."

நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.