வண்டியின் கண்ணில் வைத்த சந்தனம்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு விஜயதசமி நாளில், காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற வழியில் மானகிரி பக்கம் நடந்தது இது. ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாலே அந்த நாள் என் முன்னால் வந்து நின்றுவிடும்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக்கு இருபத்தாறு வருடம் அம்பாசிடர் ஓட்டினேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும்தான் நானும் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். அந்த வீட்டுக்காரர்கள் சென்னையோடு போய்விட்ட பிறகு அம்பாசிடரையும் விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓர் அரிசி மண்டியில் லோடு வண்டி ஓட்டுகிறேன்.

அம்பாசிடருக்குப் பூஜை போடும் நாள் எங்கள் வீட்டில் தீபாவளி மாதிரி. என் ஒரே மகள் அப்போது ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்கூடவே வந்துவிடுவாள். பானெட்டைத் திறந்து, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு, இன்ஜினைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டுவேன். கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. இரண்டு ஹெட்லைட்டிலும் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அவள் மட்டும் என் கையைப் பிடித்துத் தடுப்பாள்.

“கண்ணுல வைக்காதீகப்பா. வண்டிக்கு எரியும்.”

நான் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவேன். கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பினால் போதும், பாவாடை நுனியால் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். நாச்சியாபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். மருமகன் சிங்கப்பூரில் வேலை. அதனால் மகளும் நாலு வயதுப் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். அவளுக்கு மாற்றல் கிடைத்த பள்ளிக்கூடம் திருப்பத்தூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பேத்தி எழுந்திருக்கும் முன்னே கிளம்பி, அவள் தூங்கப் போகும் நேரத்துக்கு வந்து சேருவாள்.

சம்பந்தியம்மா நல்ல மனுஷி, ஆனால் வாய் கொஞ்சம் காரம். “பிள்ளைய என்கிட்ட நாச்சியாபுரத்துல விட்டுரு. நீ பஸ்ஸுல அலைஞ்சுக்க” என்று வரும்போதெல்லாம் சொல்வார். மகளுக்குப் பிள்ளையை விட்டு இருக்க மனசில்லை. இரண்டு மாதம் கார் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு புதுக் காரே வாங்கிவிட்டாள். பேத்தியைக் கூடவே கூட்டிப்போய், அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம் என்பது கணக்கு. எங்கள் வம்சத்தில் சொந்தமாக வந்த முதல் கார் அதுதான்.

வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரர் ஒரே மூச்சில் என்னென்னவோ சொன்னார். இந்த வண்டி முன்னால் பார்க்கும், பின்னால் பார்க்கும், ஆபத்து என்றால் தானே பிரேக் பிடிக்கும் என்றார். நான் பத்தடி தள்ளி, ஸ்வீட் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. “நீ உள்ள வேலையப் பாருத்தா. வண்டிய நான் பாத்துக்கிறேன்” என்று மகளை அனுப்பிவிட்டேன். எத்தனையோ வருடம் கழித்துக் கையில் ஒரு கார். பழைய மாதிரியே பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டேன். முன் கண்ணாடியில், உச்சியில், நடு மத்தியில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தது. இதுதான் வண்டிக்கு நெற்றி என்று முடிவு செய்து, அதற்கு நேராகப் பெரிய சந்தனப் பொட்டு வைத்தேன். ஹெட்லைட் இரண்டிலும் வழக்கம்போல் வைத்தேன். பின் பம்பரில் நாலு வட்டம் இருந்தது. பொட்டு வைக்கவே அளவெடுத்துச் செய்தது மாதிரி. பரவாயில்லையே, கம்பெனிக்காரனுக்கும் நம் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு நாலிலும் வைத்தேன். முன்னால் கீழே வழவழவென்று ஒரு கறுப்புத் தகடு. அதை மறைத்தாற்போல் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், நல்ல பளபளப்பான ஜிகினா மாலை எல்லாம் கட்டித் தொங்கவிட்டேன். தெருவே நின்று பார்த்தது.

மறுநாள் விஜயதசமி. சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். எல்லோருமாகப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். “நான் இதுல ஏறிப் பாத்துட்டுத்தான் பிள்ளைய அனுப்புறதா வேணாமான்னு சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டே முன் சீட்டில் உட்கார்ந்தார். மகள் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டபோது, “என்னைய எதுக்குத்தா கட்டிப் போடுற? நான் எங்க ஓடப்போறேன்?” என்றார். பின்னால் நானும் என் மனைவியும், நடுவில் பேத்தியும்.

ரிவர்ஸ் எடுக்கும்போதே வண்டி கீ கீ என்று நிறுத்தாமல் கத்தியது. பின்னால் ஒன்றுமே இல்லை. மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, ஏதோ கேமரா மறைஞ்சிருக்குன்னு எழுதி வருது” என்றாள்.

“பின்னாடி இருக்க கேமராவா இருக்கும்த்தா. முன்னாடி போறதுக்கு அது எதுக்கு? நீ எடு” என்றேன். என் வார்த்தையை அவள் தட்டமாட்டாள். எடுத்தாள்.

மானகிரி தாண்டி நேரான ரோடு. முன்னால் ஓர் ஆடு மாடு கூட இல்லை. மகள் கொஞ்சம் வேகம் பிடித்தாள். திடீரென்று யாரோ பின்னாலிருந்து கயிற்றைக் கட்டி இழுத்த மாதிரி வண்டி அப்படியே நின்றது. பேத்தி முன் சீட்டில் போய் முட்டாமல் என் மனைவி அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பின்னால் கிரீச்சென்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். பின் கண்ணாடி முழுக்க டவுன் பஸ்ஸின் முகம்தான் தெரிந்தது. இடையில் ஒரு முழம் இருந்திருக்கும்.

பஸ் டிரைவர் தலையை நீட்டி, “ஏம்மா, நடுரோட்டுல கோலம் போடப் போறியா?” என்று கத்தினார். பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி வீறிட்டு அழுதாள்.

“நான் பிரேக்கைத் தொடவே இல்லப்பா. அதுவா நின்னுச்சு” என்றாள் மகள்.

நான் சொன்னேன்: “முன்னாடி ஒண்ணுமே இல்லையேத்தா, அதுவா எதுக்கு நிக்குது? பழகாத காலு. பதட்டத்துல அமுக்கியிருப்ப. ஒனக்கே தெரிஞ்சிருக்காது.”

கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் சண்டை போட்டிருப்பாள். வண்டி விஷயத்தில் அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன்னையே சந்தேகப்பட்ட பார்வை அது. இறங்கி எனக்கு இடம் விட்டாள். நான் மெதுவாக வீட்டுக்கே ஓட்டிவந்தேன். கோயிலுக்குப் போகவில்லை.

வீட்டில் சம்பந்தியம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டே, “இனி பேச்சே இல்ல. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்” என்று ஒரு கட்டைப்பையில் பேத்தியின் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். மகள் சாவியை ஆணியில் மாட்டினாள். “அத்தை சொல்றதுதான் சரி. இனிமே நான் ஓட்டல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த மஞ்சள் விளக்காவது என்னவென்று கேட்போம் என்று சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். ஷோரூம் பூட்டியிருந்தது. கோட்டையூர் ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல் கடை ஒன்று இருப்பது ஞாபகம் வந்து அங்கிட்டுத் திருப்பினேன். ரோடு காலி. கொஞ்சம் வேகமாகத்தான் போனேன். சடக்கென்று வண்டி நின்றது.

என் கால் பிரேக்கில் இல்லை. அந்தரத்தில் இருந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். ‘நான் தொடவே இல்லப்பா’ என்று அவள் சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மிச்ச தூரத்தை உருட்டிக்கொண்டு போவது போல ஓட்டிப்போனேன்.

நல்லவேளை, அது ஒரு பாய் கடை, திறந்திருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. எனக்கு முன்பின் பழக்கமில்லை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அதை எனக்குக் காட்டக்கூடாது என்று அவர் பட்ட பாடும் தெரிந்தது.

“அண்ணே, பூஜையெல்லாம் யாரு போட்டது?”

“நான்தான்.”

“இந்த வண்டிக்குக் கண்ணு எத்தன தெரியுமா? எல்லாத்தையும் மூடிட்டீகளே!”

ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்ணாடி உச்சியில் இருந்த பெட்டி, ரோட்டைப் பார்க்கிற கேமரா. பின் பம்பரில் இருந்த நாலு வட்டமும் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிகிற சென்சார். சந்தனம் காய்ந்து அப்பியிருந்ததால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அது கத்தியிருக்கிறது. கடைசியாக ஜிகினா மாலையைத் தூக்கிப் பிடித்தார்.

“இவருதாண்ணே பிரேக் போட்டது. இந்தத் தகட்டுக்குப் பின்னாடி ராடார் இருக்கு. வேகத்துல இது காத்துல ஆடுறப்ப, குறுக்க எதுவோ வந்துருச்சுன்னு நெனச்சு வண்டியே பிடிச்சிருக்கு. வண்டி மேலயும் தப்பில்ல, ஓட்டுனவுக மேலயும் தப்பில்ல.”

ஈரத்துணியை எடுத்துக் கண்ணாடிப் பக்கம் போனவர், சட்டென்று நின்றுவிட்டார். துணியை என்னிடம் நீட்டினார். “சாமிக்கு வச்சது. நான் தொடைக்கிறது மொறையில்ல. உங்க கையாலயே எடுத்துருங்கண்ணே.”

நான் துடைத்தேன். ஹெட்லைட்டையும் துடைத்தேன். அவர் கேட்காமலேயே.

மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “இன்ஜினுக்குத் தண்ணி அடிச்சீகளா?” என்றார். குளிப்பாட்டினேன் என்றேன். “இது என்ன அம்பாசிடரா அண்ணே? உள்ளுக்குள்ள பூரா வயருல்ல!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு கனெக்டரைக் கழற்றி, காற்றடித்து ஈரத்தைப் போக்கி மாட்டினார். விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம். எங்கேயும் நிற்கவில்லை, கத்தவும் இல்லை. ஷோரூம் திறந்ததும் ஒருதடவை காட்டிவிடச் சொன்னார். அப்புறம் காட்டினோம், அவர்களும் வேறு குறையில்லை என்றுதான் சொன்னார்கள்.

கிளம்பும்போது பானெட்டின் நடுவில் விரலை வைத்து, “இனிமே பொட்டு வைக்கிறதா இருந்தா இங்குட்டு வைங்க. மாலைய வீட்டு வாசல்ல கட்டிருங்க. மொதல்ல மகளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கண்ணே, பாவம், அது பயந்து கெடக்கும்” என்றார்.

நான் போன் போடவில்லை. அது போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது.

வீட்டில் கட்டைப்பை வாசலுக்கே வந்திருந்தது. பேத்தி புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் சம்பந்தியம்மா முன்னால் போய் நின்றேன். கல்யாணம் முடிந்து ஆறு வருடத்தில் ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“பிரேக்க அவ பிடிக்கல சம்பந்தி. வண்டி எனக்கும் தானா நின்னுச்சு. அதோட கண்ணுல சந்தனத்த அப்பினது நான். அவ சொன்னா, நான்தான் நம்பல.”

அவ்வளவுதான் வந்தது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த என் மனைவி, “அந்தப் பிள்ள இதத்தான ரோட்டுலயே கத்துச்சு! இருபத்தாறு வருசம் ஓட்டுனவுகளாம்” என்றாள். சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏன் சம்பந்தி, வாயே தொறக்க மாட்டீகளே. தொறந்தா இப்பிடியா தொறப்பீக?”

கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நான் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. சம்பந்தியம்மாதான் அந்தச் சாவியை வாங்கி அவள் கையில் வைத்தார்.

“எடு ஆத்தா, வண்டிய. பிள்ளையாரு காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்காரு. ஒங்கப்பாவ மட்டும் கையக் கழுவிட்டு ஏறச் சொல்லு.”

சாயங்காலம் அதே மாதிரி உட்கார்ந்து அதே வழியில் போனோம். மானகிரி வந்ததும் மகளின் தோள் இறுகியது பின்னாலிருந்த எனக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். அவள் கொஞ்சம் நிதானித்து, அப்புறம் வேகம் பிடித்துக் கடந்தாள். கட்டைப்பைத் துணிகள் மறுபடி பீரோவுக்கே போயின.

அதன்பிறகு இரண்டு வருடம், காலை ஏழரை மணிக்கு அந்த வண்டி கிளம்பும் சத்தம்தான் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம். பேத்தி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டு போவாள். போன வருடம் மருமகன் ஊரோடு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாகத் திருப்பத்தூரில் குடிபோய்விட்டார்கள். வண்டி நின்ற இடத்தில் இப்போது என் மனைவி துணி காயப்போடுகிறாள். ஆயுத பூஜைக்கு மட்டும் காரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், அந்த வேலை இன்னும் எனக்குத்தான். வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கிறேன். பானெட்டின் நடுவில் ஒரே ஒரு பொட்டு. பேத்தி பக்கத்தில் நின்று, ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே மேற்பார்வை பார்க்கிறாள்.

பாவாடை நுனியால் ஹெட்லைட்டைத் துடைத்த அந்தச் சின்னப் பிள்ளை சொன்னதையும் நான் கேட்கவில்லை, வளர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் கேட்கவில்லை. இப்போது யாராவது ‘என்மேல் தப்பில்லை’ என்று சொன்னால், பதில் பேசுவதற்கு முன்னால் என் விரலில் சந்தனம் ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.