தட்டச்சுப் பொறியின் உறை

கறுப்பு ரெக்சினில் தைத்த உறை அது. காலையில் தட்டச்சுப் பொறியிலிருந்து கழற்றி, மடித்து அலமாரிமேல் வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் எட்டு மாத காலம் அது எங்கள் கோவை அலுவலகத்தில் மேசைக்கு அடியில் விரிந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பழஞ்சேலை. சேலைமேல் ஒரு பெண் குழந்தை.

எங்கள் தட்டச்சர் திருமணமாகாதவர். முறைப்படி பதிவு செய்து அந்தக் குழந்தையைத் தத்தெடுத்திருந்தார். காங்கேயத்துப் பிறந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டது. அவர் குடியிருந்த போத்தனூரில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாவும், மகளுக்கு மாப்பிள்ளை தேடும் நேரத்தில் எதற்கு வம்பு என்று விலகினார். உக்கடத்துக் காப்பகத்தில் நடக்கத் தெரிந்த குழந்தையைத்தான் சேர்ப்பார்கள். விடுப்பு தீர்ந்த மறுநாள் அவர் குழந்தையோடு வேலைக்குத் திரும்பினார்.

கண்காணிப்பாளரான நான் விதிகளைக் கரைத்துக் குடித்தவன். கேளாமலே புத்தியும் சொல்வேன். "கல்யாணம் பண்ணியிருந்தா இத்தனை தொல்லை இல்லையே அம்மணி" என்றேன்.

"நானு புருசனுக்கு அப்ளிகேசன் போடலீங்க சார். குழந்தைக்குத்தானுங்க போட்டேன்."

அதிகாரி மூன்றாம் நாள் பார்த்துவிட்டார். "ஏனுங்க சூப்பரண்டு, இது ஆபீசுங்களா, தொட்டில் கட்டற ஊடுங்களா?"

"தொட்டில் எங்கீங்க சார் கட்டினேன்? கீழதானுங்க படுத்திருக்குது" என்றார் தட்டச்சர், அடிப்பதை நிறுத்தாமல். சத்தம் நின்றால் குழந்தை விழித்துவிடும்.

தட்டச்சருக்குக் குறிப்பாணை, அதாவது மெமோ, கொடுக்க உத்தரவாயிற்று. தகுதிகாண் பருவம் முடிந்து வேலை நிரந்தரமாகாதவருக்கு அது ஒன்று போதும், வேலை போய்விடும். அந்த வேலையை விட்டால் அவ்விருவருக்கும் வேறு பிழைப்பில்லை. 'இச்செயல் ...... விதியை மீறியதாகும்' என்று வரைவு எழுதினேன். எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று இடம் விட்டேன். இருந்தது ஒரே தட்டச்சர். ஆகவே தன் குறிப்பாணையைத் தானே அடித்தார், ஒரு பிழையில்லாமல்.

"விதி நம்பர் காலியா இருக்குதுங்க சார். தேடிக் குடுங்க, அடிச்சுப்போட்டுத் தாரேன்."

இரண்டு நாள் தேடினேன். மிதிவண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்குக்கூட ஆணை இருந்தது. குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி வேலைக்கு வரக்கூடும் என்றே எவரும் நினைத்திருக்கவில்லை. நானும்தான். இல்லாத விதியைக் காட்டி அவரை வெளியேற்ற என் கையெழுத்து கிடைக்காது என்று அன்று முடிவு செய்தேன்.

'தலைமை அலுவலகத்திடம் தெளிவுரை கோரலாம்' என்று கோப்பில் எழுதினேன். அதிகாரி முறைத்துக்கொண்டே கையொப்பமிட்டார். தெளிவுரை வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்கும், அதுதான் நடைமுறை. கடிதம் போயிற்று. நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டியவன் நான். அனுப்பவில்லை. பதில் வருமுன் குழந்தை நடந்துவிட்டது. தகுதிகாண் பருவமும் முடிந்துவிட்டது.

இப்போது அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் அறை இருக்கிறது. ஓய்வூதிய வேலையாகப் போனபோது பார்த்தேன்: வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு, கதவில் பூட்டு. சாவிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டுமாம்.

நான் ஓய்வு பெறுமுன், கணினி வந்து அந்தத் தட்டச்சுப் பொறியைக் கழித்தபோது கழிவுப் பொருள் பட்டியல் எழுதியதும் நான்தான். அன்று நல்ல மழை. அம்மாவுக்காக அலுவலக வாசலில் காத்திருந்த சிறுமியின் பள்ளிப் பைக்குக் கறுப்பு ரெக்சினில் மேலுறை தைத்திருந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நான் 'உறை: காணவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பணிக்காலத்தில் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அது. திருத்தப்போவதில்லை.