அடம்பு இருந்த மேடு

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். என் கணவர் விலங்கியல். காலையில் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மணலில் நடப்பது எங்கள் வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில், பங்குனி ஆமை என்னும் கடலாமை ஒன்று அங்கே செத்து ஒதுங்கியிருந்தது. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. கடலில் வாழ்ந்தாலும் ஆமை ஊர்வன இனம். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கியது வரமுடியாமல் மூழ்கியிருக்கிறது.

கணவர் வனத்துறைக்குத் தகவல் சொல்லி, கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார். வயிறு நிறைய முட்டைகள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதைப்பதற்கு ஜேசிபி வந்தது. அலை எட்டாத மணல்மேட்டுக்கு வண்டியைத் திருப்பினார் ஓட்டுநர். அங்கே அடம்பங்கொடி படர்ந்து ஊதாவாகப் பூத்திருந்தது.

"அண்ணா, கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க. அந்தக் கொடிதான் மணலைப் பிடிச்சு வச்சிருக்கு."

"இன்னா மேடம், வெறும் கொடிதானே கீது? மழை பேஞ்சா தானா மொளைச்சிக்கும்."

கணவரிடம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்றது? ஆமை வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, புலியோட இருக்கு. உன் கொடி எதுலயும் இல்லையே. இன்னைக்கு விடு."

அவர் சொன்னது பொய்யில்லை. அடம்பு சர்க்கரைவள்ளிக்கிழங்கின் குடும்பம். வெப்பநாட்டுக் கடற்கரைகளில் எங்கும் படரும். அழியும் ஆபத்து இல்லாத இனம் என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். உலகமெங்கும் இருப்பதால் இந்த மேட்டில் இருந்ததற்காக வாதாட எனக்கு வழியில்லாமல் போயிற்று. கொடி கயிறு கயிறாக அறுந்து வந்தது.

அந்தப் பருவம் முழுக்க ஆமைகள் செத்து ஒதுங்கின. எல்லாவற்றுக்கும் அதே மேட்டில்தான் குழி. மழைக்காலம் வந்தபோது மேடு மொட்டையாக நின்றது. ஒரு புயலில் கடல் அதைப் பாதிக்கு மேல் அரித்துக்கொண்டு போனது. மிச்சம் போகாதிருக்க லாரி லாரியாகப் பாறாங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அடுத்த தையில் ஒரு ஆமை உயிரோடு கரையேறியிருந்தது. அதன் துடுப்புக்கால் தடம் கல்வரை போய், கல்லை ஒட்டி வளைந்து, கடலுக்கே திரும்பியிருந்தது. முட்டையிட்ட அடையாளம் எங்கும் இல்லை. கணவர் அந்தத் தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கொடியை மறுபடி நட்டா பிடிக்குமா?"

"மணல் இருந்தா பிடிக்கும்" என்றேன்.